இரண்டு அளவு பெரிய ஸ்கேட்

மகளை கான்ஸ்கேட் வகுப்பில் சேர்த்தபோது அவளுக்கு ஏழு வயது. ஐஸில் சறுக்கப் பழக்குகிற, ஸ்கேட் கனடா அமைப்பின் ஆரம்ப வகுப்பு அது, மொத்தம் ஆறு நிலைகள். ஐந்தாம் நிலை முடியும்வரை கனடாத் தரச் சான்றான சிஎஸ்ஏ முத்திரை உள்ள ஹொக்கி ஹெல்மெற் கட்டாயம். அதனால் ஹெல்மெற்றைத் தேடித் தேடி வாங்கினோம். ஸ்கேட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சப்பாத்து மாதிரித்தானே என்று நினைத்துவிட்டேன்.

அண்ணாவின் மகள் பாவித்த வெள்ளை ஸ்கேட் ஒரு சோடி அவர்கள் வீட்டுக் கராஜில் கிடந்தது. இவளுக்கு இரண்டு அளவு பெரிது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வளருற பிள்ளைதானே, பெரிசா இருந்தா நல்லது. ரெண்டு மேசு போட்டு விடு" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒவ்வொரு தை மாதமும் முன்பக்கம் பஞ்சு அடைத்தபடிதான் தொடங்கும். அது காலுக்கு அளவாக வருகிற நேரத்தில் அடி தேய்ந்திருக்கும்.

ஸ்காபரோ ஐஸ் அரீனாவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து முதல் வகுப்பைப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் விழுவதும் எழும்புவதுமாக எப்படியோ முன்னுக்குப் போனார்கள். இவளுக்கு இரண்டு கணுக்காலும் உள்பக்கம் மடிந்து, ஸ்கேட் சரிந்து, நின்ற இடத்திலேயே நின்றாள். பிள்ளைக்குக் கணுக்காலில் பலமில்லை என்று முடிவு கட்டினேன். நாலு கிழமையாக, இரவு பல் தீட்டும்போதெல்லாம் நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பழக்கினேன், பாவம்.

ஐந்தாம் கிழமை கோச் அவளை வாங்கில் இருத்தி, ஸ்கேட்டின் அடியில் இருக்கிற இரும்பு அலகை, அதாவது பிளேட்டை, ஒரு கையால் நிலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குதிக்காலை மட்டும் தூக்கச் சொன்னார். மேலே இருக்கிற சப்பாத்துப் பகுதிதான் பூட், அதன் உள்ளே கால் ஒரு அங்குலம் மேலே வந்தது. கணுக்காலில் ஒரு பிழையும் இல்லை, பூட்டுக்குள் கால் நீந்துகிறது என்றார். மேசு இரண்டு போட்டது நிலைமையை இன்னும் மோசமாக்கியிருந்தது. மெத்தைமேல் நிற்கிற மாதிரி, கால் திரும்புவது பிளேட்டுக்குத் தெரியாது.

புது ஸ்கேட் வாங்க முதலில் போனது ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடை. அங்கிருந்த பையன் சப்பாத்து அளவு என்னவென்று கேட்டு, அதே இலக்கத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். பேசாமல் வெளியே வந்துவிட்டோம். கோச் சொன்ன கடை வீட்டிலிருந்து நாற்பது நிமிட ஓட்டம். அங்கே ஃபிகர் ஸ்கேட், அதாவது ஐஸில் பாய்ந்து சுழன்று ஆடுகிறவர்கள் போடுவது மட்டும்தான்.

அங்கிருந்த பெரியவர் இலக்கம் கேட்கவே இல்லை. வெள்ளைத்தாள் ஒன்றை நிலத்தில் போட்டு, மகளை இரண்டு காலிலும் பாரம் கொடுத்து நிற்க வைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போட்டார். இடது கால் 18.6 சென்ரிமீற்றர், வலது 18.9. பெரிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கு அவள் போடுவது 13. அவர் எடுத்து வந்தது 12. அம்மா கூட வராதது நல்லதாகப் போயிற்று.

மெல்லிய மேசு ஒன்று மட்டும். காலை உள்ளே விட்டதும் குதிக்காலால் நிலத்தில் இரண்டு தட்டு, பிறகுதான் நாடா. விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் மடிகிற இடத்தில் இறுக்கமாக, மேல் கொக்கிகளில் திரும்பவும் கொஞ்சம் தளர்வாகக் கட்டினார். நான் அதுவரை கீழிருந்து மேல்வரை ஒரே இறுக்காக இறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விட்டு வர வேண்டும், குதிக்கால் எப்போதும் அசையக் கூடாது. வளர்ச்சிக்கு இடம் விடலாமா என்று கேட்டேன். நாடாவைத் தளர்த்தி, காலை முன்னுக்குத் தள்ளச் சொல்லி, குதிக்காலின் பின்னால் பென்சில் ஒன்றை விட்டார். அது மட்டுமட்டாகப் போனது. விடக்கூடிய இடம் அவ்வளவுதான் என்றார்.

அடுத்து எந்த மொடல் என்ற கேள்வி. ஒன்ராறியோவின் வாட்டர்லூவில் இருக்கிற ஜாக்சன், அமெரிக்காவின் ரீடெல், இத்தாலியின் எடியா என்று தட்டு நிறைய இருந்தன. பூட் எவ்வளவு விறைப்பு என்பதற்கு ஒவ்வொரு கம்பனிக்கும் ஓர் எண் இருக்கிறது. ஒரு கம்பனியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. விலை கூடிய விறைப்பான பூட்டை எடுத்தால் நெடுநாள் வரும் என்று நான் கணக்குப் போட்டேன். அதை அவர் மகளுக்கு மாட்டி முழங்காலை மடிக்கச் சொன்னார். 21 கிலோப் பிள்ளை, மடிக்க முடியாமல் பின்னுக்குச் சரிந்தாள். விறைப்பான பூட், பாய்ந்து சுழன்று இறங்குகிறவர்களின் காலைத் தாங்க. ஐஸில் முழங்கால் மடிக்கப் பழகுகிற பிள்ளைக்கு அது சிமெந்துக் கட்டு.

இன்னொன்றும் பார்க்கச் சொன்னார். மலிவான ஸ்கேட்டில் பிளேட் ரிவெற் அடித்து நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். திருகாணி போட்டிருந்தால், பிள்ளை ஒரு பக்கம் சரிந்து நிற்கும்போது பிளேட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டலாம். நாங்கள் எடுத்தது திருகாணி போட்டது. 190 டொலர், வரியோடு 214 டொலர் 70 சதம். என் கணவர் பில்லைப் பார்த்து, "இஞ்சரப்பா, இது ஒரு வருசத்துக்கா?" என்றார்.

புது பிளேட் கூர் இல்லாமல்தான் வரும் என்பது எனக்குப் புதுச் செய்தி. முதல் கூரை அந்தப் பெரியவரே போட்டுத் தந்தார். அடுத்த தடவை அவ்வளவு தூரம் போகப் பஞ்சியில், பக்கத்தில் ஹொக்கி ஸ்கேட் தீட்டுகிற இடம் ஒன்றில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் தந்துவிட்டார்கள். அடுத்த வகுப்பில் கோச் பிளேட்டைத் திருப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஃபிகர் ஸ்கேட்டின் முன்னால் அரம் மாதிரிப் பற்கள் இருக்கும், ஹொக்கி ஸ்கேட்டில் அது கிடையாது. எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற பெரிய பல்லில் பாதியைத் தீட்டி எடுத்துவிட்டார்கள். மகள் அதுவரை அந்தப் பல்லை பிரேக் என்று நினைத்து அதில் தடக்கித் தடக்கி விழுந்துகொண்டிருந்தாள். அது பாயவும் சுழலவும் உள்ளது. உலோகம் போனால் போனதுதான், பிளேட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இந்த நிலைக்கு இது போதும் என்று கோச் சொன்னதால் தப்பினோம்.

இப்போது திரும்பவும் நாற்பது நிமிட ஓட்டம்தான். பெரியவர் தீட்டி முடித்ததும் பிளேட்டின் குறுக்கே சின்ன இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துக் காட்டுவார். பிளேட்டின் அடியில் நடுவால் நீளமாக ஓடுகிற பள்ளத்தின் இரு பக்க விளிம்பும் ஒரே உயரமாக இருந்தால் சட்டம் சரியாமல் நிற்கும். அப்புறம், பிளாஸ்ரிக் உறை நடக்க மட்டும். ஒரு சனி ஞாயிறு ஈர பிளேட்டை அதற்குள்ளேயே விட்டு வைத்து, விளிம்பு முழுக்கத் துருப் புள்ளி. துடைத்துவிட்டுத் துணி உறையைத்தான் போட வேண்டும்.

கோடு போட்ட தாளைக் கேட்டு வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தேன். பத்து மாதம் கழித்து, போன கிழமை மகளை அதே தாளில் நிற்க வைத்தேன். வலது பெருவிரல் கோட்டைத் தாண்டி 7 மில்லிமீற்றர். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னனான், பெரிசா வாங்கு எண்டு."