மாங்கன்று விலைக்கு ஒரு தனி முகவரி

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மாங்கன்று விற்கும் சித்தப்பாவின், வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் இணையதளத்தில் ஒரு வேலை முடித்தேன். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா என்று ரகத்துக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதே முகவரியின் கடைசியில் ‘ஸ்லாஷ் ரேட்’ சேர்த்தால் கன்று விலை மட்டும் பெரிய எழுத்தில் வர வேண்டும். வாட்ஸப்பில் விலை கேட்பவருக்கு அந்த இணைப்பே போதும். இதற்காகத் தனித்தனிப் பக்கம் உருவாக்காதீர்கள், ப்ளீஸ்.

வேர்ட்பிரஸ் தொடங்கும்போது ஓடும் இனிட் ஹூக்கில், முகவரியின் கடைசியில் ஒரு சொல்லை (எண்ட்பாயிண்ட்) ஏற்கச் செய்யும் ‘ஆட் ரீரைட் எண்ட்பாயிண்ட்’ ஒரு வரி. அப்புறம், எந்தக் கோப்பை வைத்துப் பக்கத்தைக் காட்டுவது என்று முடிவு செய்யும் ‘டெம்ப்ளேட் இன்க்ளூட்’ ஃபில்டரில், விலையைக் காட்டும் நம்முடைய பிஎச்பி கோப்பின் பாதையைத் திருப்பித் தர வேண்டும்.

பலரும் சிக்குவது இங்கேதான். ‘ரேட்’டுக்குப் பின்னால் எதுவும் இல்லையென்றால், முகவரியில் வந்த மதிப்பை எடுத்துத் தரும் ‘கெட் குவெரி வார்’ காலியாகத்தான் வரும். எண்ட்பாயிண்ட் இல்லாத சாதாரணப் பக்கத்திலும் அதே காலிதான். அதனால் மதிப்பைப் பார்க்காமல், முகவரியிலிருந்து பிரித்தெடுத்த குவெரி வார்ஸ் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ‘இஸ்செட்’ போட்டுப் பாருங்கள்.

404 (பக்கம் இல்லை) என்று வந்தால் பெர்மாலிங்க் (முகவரி வடிவம்) அமைப்பை ஒருமுறை சேமித்தால் சரி. முகவரி ரூல்ஸை (விதிகளை) ஃப்ளஷ் செய்யும் வரியை மட்டும் இனிட்டில் போடவே கூடாது. பக்கம் திறக்கும்போதெல்லாம் விதிகளை மறுபடி எழுதி தளத்தை மெதுவாக்கிவிடும். இந்த வரிகள் உள்ள ப்ளகின் (துணை நிரல்) ஆக்டிவேட் ஆகும்போது ஒரு தடவை போதும்.

போச்சம்பள்ளி, மத்தூர் பக்கம் நர்சரி வைத்திருப்பவர்கள் கேளுங்கள், இந்த நிரலைத் தருகிறேன்.