அவருடைய பதினான்காம் ஆண்டு

ரோம் நகரில் ஞாயிறுதோறும் காலையில் கூடும் போர்ட்டா போர்ட்டேசே சந்தையில், பழைய சாவிகளும் செல்லாத நாணயங்களும் நின்றுபோன கைக்கடிகாரங்களும் குவிந்து கிடந்த ஒரு தட்டில், மங்கிப்போன இரும்பு மோதிரம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். வேலை நிமித்தமாக எட்டு மாதம் அந்நகரில் தங்கியிருந்த காலம் அது. மோதிரத்தில் 'தாய்நாட்டுக்குத் தங்கம்' என்றும், அதையடுத்து நவம்பர் 18 என்றும், ரோமன் எண்ணில் பதினான்கு என்றும் பொறித்திருந்தது. அது எந்த நூற்றாண்டின் பதினான்கு என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அவருடைய பதினான்கு" என்றார், பெயரைச் சொல்லாமலே.

முசோலினியின் ஆட்கள் ஆட்சியைக் கேட்டு ரோமை நோக்கிக் கிளம்பிய 1922 அக்டோபர் 28-ஐத் தொடக்கமாகக் கொண்டு இத்தாலியில் ஒரு புதிய ஆண்டுக் கணக்கு நடைமுறையில் இருந்தது. 1927 முதல் அரசு ஆவணங்களில் கிறிஸ்தவ ஆண்டுக்குப் பக்கத்தில் அதையும் எழுதியாக வேண்டும். அந்தக் கணக்கில் பதினான்காம் ஆண்டு நவம்பர் 18 என்பது 1935-இல் எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக உலக நாடுகள் சங்கம் இத்தாலி மீது விதித்த பொருளாதாரத் தடை நடைமுறைக்கு வந்த நாள். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 18 அன்று, நாடு முழுவதும் மனைவியரும் கணவன்மாரும் தங்கள் திருமண மோதிரங்களைக் கழற்றி அரசுக்குக் கொடுத்தார்கள். ரோமில் அந்தச் சடங்கை முதலில் தொடங்கி வைத்தவர் அரசி எலேனா. கொடுத்தவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது இத்தகைய இரும்பு மோதிரம். இத்தாலிய மொழியில் 'ஃபேதே' என்ற ஒரே சொல் விசுவாசத்தையும் திருமண மோதிரத்தையும் குறிக்கும். அந்த நாளுக்கு ஆட்சியாளர்கள் 'ஃபேதே நாள்' என்று பெயரிட்டதில் இருந்த சாமர்த்தியத்தை மறுக்க முடியாது. தாலியைக் கழற்றித் தா என்று ஓர் அரசு கேட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோரிக்கையின் ஆழம் நமக்குப் பிடிபடும்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, தன் தாயார் அன்று கொடுத்தது அவசரத்துக்கு வாங்கிய மெல்லிய மோதிரத்தைத்தான் என்றும், உண்மையான மோதிரம் மாவு டப்பாவுக்குள் எட்டு ஆண்டு கிடந்தது என்றும் சொன்னார். அவர் தாயார் ஆட்சியை எதிர்த்தவர் அல்லர். வரிசையில் நின்றார், ஏதோ ஒரு மோதிரத்தைப் போட்டார், இரும்பு மோதிரத்தை அணிந்துகொண்டு வீடு திரும்பினார். அணியாமல் தெருவில் போனால் அடுக்குமாடியின் வாயிற்காவலர் கவனிப்பார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் அந்தக் காலத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை எனக்கிருந்த சித்திரம் பால்கனியில் நின்று தாடையை உயர்த்திக் கத்தும் ஒரு மனிதரும் கீழே கடல்போன்ற கூட்டமும்தான். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போன பிறகு அங்கே எப்படி வாழ்ந்தது என்பதை நான் யோசித்ததே இல்லை.

முசோலினியும் அவருடைய ஃபாசிஸ்ட் கட்சியினரும் ஆட்சிக்கு வந்த விதத்தில் தேர்தல் வெற்றி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. 1921 தேர்தலில் நாடாளுமன்றத்தின் 535 இடங்களில் ஃபாசிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 35. அவர்களுடைய உண்மையான பலம் போ ஆற்றுச் சமவெளியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களின் சங்கங்கள் வலுப்பெற்றபோது, அச்சமுற்ற நிலவுடைமையாளர்கள் பணமும் லாரிகளும் கொடுத்துக் கருஞ்சட்டைக் குழுக்களை வளர்த்தார்கள். இரவில் லாரியில் வந்து இறங்கும் குழு, சங்க அலுவலகத்துக்குத் தீ வைக்கும். தலைவரைத் தடியால் அடிக்கும். பிறகு அவர் வாயைத் திறந்து விளக்கெண்ணெய் ஊற்றும். நம் பாட்டிமார் வயிற்றுச் சுத்திக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். அடியைவிட அந்த அவமானமே ஊரில் நெடுநாள் பேசப்பட்டது என்பதால் அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். காவல்துறை பெரும்பாலும் வேடிக்கை பார்த்தது.

1922 அக்டோபர் இறுதியில் இவர்கள் ரோமை நோக்கிக் கிளம்பியபோது, பிரதமர் ஃபாக்தா அவசரநிலை ஆணையைத் தயாரித்து அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் கொண்டுபோனார்; அரசர் கையெழுத்திட மறுத்தார். அரசரின் அழைப்பு வந்த பிறகே முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் ஏறி ரோமுக்கு வந்து பிரதமரானார். அவருடைய முதல் அமைச்சரவையில் கத்தோலிக்கக் கட்சியினரும் தாராளவாதிகளும் இருந்தார்கள். பதவி கொடுத்தால் பொறுப்பு வந்துவிடும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. 1924 மே 30 அன்று, அடிதடியால் வென்ற தேர்தல் செல்லாது என்று நாடாளுமன்றத்தில் பேசிய சோஷலிஸ்ட் உறுப்பினர் ஜக்கோமோ மத்தேயோத்தி, ஜூன் 10 அன்று பட்டப்பகலில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது. நாடு சில மாதம் கொதித்தது. அரசர் எதுவும் செய்யவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்த அனைத்துக்கும் தானே பொறுப்பு என்று அறிவித்தார்; அவரைக் கைது செய்ய ஒருவரும் எழவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் எதிர்க்கட்சிகள், சுதந்திரப் பத்திரிகைகள், தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்கள் எல்லாம் முடிந்துபோயின. அரசியல் வழக்குகளுக்குத் தனி நீதிமன்றமும், விசாரணையே இல்லாமல் மனிதர்களை உஸ்திக்கா, பொன்சா போன்ற தீவுகளுக்கு அனுப்பும் முறையும் வந்தன.

இதற்குப் பிறகுதான் நான் அறிய விரும்பிய காலம் தொடங்குகிறது. பெரும்பாலான மக்கள் அந்தத் தீவுகளைப் பார்த்ததே இல்லை. ஆட்சி அவர்களிடம் கேட்டது சின்னச் சின்ன விஷயங்களை. திருமணமாகாத ஆண் என்றால், இருபத்தைந்து வயதிலிருந்து அறுபத்தைந்து வரை தனி வரி கட்ட வேண்டும். பிள்ளைக்கு எட்டு வயதானால் 'பலில்லா' என்ற ஃபாசிசச் சிறுவர் அமைப்பில் சேர்த்துக் கருஞ்சட்டை தைத்துக் கொடுக்க வேண்டும். 1930-களில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கட்சி அட்டை வேண்டும் என்று ஆனபோது, கட்சிப் பெயரின் மூன்று முதலெழுத்துகளுக்கு மக்கள் 'குடும்பத் தேவைக்காக' என்று புது விரிவு கண்டுபிடித்தார்கள். கோட்டின் மடிப்பில் குத்திக்கொள்ளும் கட்சிச் சின்னத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மூட்டைப்பூச்சி'. முணுமுணுத்துக்கொண்டே குத்திக்கொண்டார்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் 'இங்கே அரசியல் பேசுவதில்லை, வேலை செய்கிறோம்' என்ற பலகை தொங்கியது. அது ஆட்சிக்குச் சாதகமாகத் தோன்றினாலும், வம்பிலிருந்து தப்பிக்க விரும்பிய முதலாளிக்கும் அதே அளவு பயன்பட்டது.

கொடுத்ததும் உண்டு, அதை மறைத்தால் கணக்கு நேராகாது. 'தோப்போலவோரோ' என்ற வேலைநேரத்துக்குப் பிந்தைய மன்றங்கள் வழியாகத் தொழிலாளர்களுக்கு மலிவான சினிமாவும் விளையாட்டும் சுற்றுலாவும் கிடைத்தன. 1931 முதல் ஓடிய குறைந்த கட்டண 'மக்கள் ரயில்'களில் ஏறி முதன்முறையாகக் கடலைப் பார்த்த குடும்பங்கள் ஏராளம். வீட்டுக்கார மூதாட்டி அரசியலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார். ஓஸ்தியா கடற்கரைக்குப் போனதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலரும். அந்த ரயில் கட்டணத்துக்கு ஈடாகக் கூலிக் குறைப்பையும் வேலைநிறுத்த உரிமை பறிபோனதையும் வைத்துப் பார்க்க ஏழு வயதுச் சிறுமியால் முடியாதுதான்.

படித்தவர்கள் இதைவிட மேலாக நடந்துகொண்டார்களா? 1931-இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அனைவரும் அரசருக்கு மட்டுமன்றி ஃபாசிச ஆட்சிக்கும் விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று ஆணை வந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் பன்னிரண்டு பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் ஒருவர், இரை விலங்குகளும் வேட்டை விலங்குகளும் பெருகித் தேயும் முறைக்குச் சமன்பாடு தந்த கணித மேதை வீத்தோ வோல்தெர்ரா. எழுபதைத் தாண்டிய வயதில் பதவியை இழந்தார். கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் கோழைகள் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தியே தம் கட்சி ஆசிரியர்களைக் கையெழுத்திட்டுப் பதவியில் இருக்கச் சொன்னார். ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்த தத்துவ அறிஞர் குரோச்சேயும், மாணவர்களைக் கைவிட வேண்டாம் என்று நண்பர்களுக்கு அதே யோசனையைச் சொன்னார். திருச்சபை, மனத்துக்குள் ஒரு விலக்கு வைத்துக்கொண்டு கையெழுத்திடலாம் என்று வழி காட்டியது. மூவரின் காரணமும் நியாயமாகவே ஒலிக்கிறது. வெறும் தாள்தானே!

ஏழு ஆண்டு கழித்து அந்தத் தாளின் விலை தெரிந்தது. 1938 செப்டம்பரில் யூத ஆசிரியர்களும் யூத மாணவர்களும் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்த யூதப் பேராசிரியர்களையும் அது காப்பாற்றவில்லை. நூறை நெருங்கிய எண்ணிக்கையில் பேராசிரியர் பதவிகள் காலியாயின. அவற்றில் போய் உட்காரச் சக ஆசிரியர்கள் தயங்கவில்லை. யூதர்கள் எழுதிய பாடநூல்கள் பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டன. மிலானில் எட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த லிலியானா செக்ரே என்ற சிறுமிக்கு, இனி பள்ளிக்குப் போக முடியாது என்று வீட்டில் சொன்னார்கள். 1944 ஜனவரி 30 அன்று, ஜெர்மானியப் படைகள் நாட்டில் இருந்தபோது, தந்தையோடு மிலான் ரயில் நிலையத்திலிருந்து அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டாள். இருவரில் உயிரோடு திரும்பியவள் அவள் மட்டுமே. 2018-இல் அவர் வாழ்நாள் செனட்டராக நியமிக்கப்பட்டார்.

அதே 1938-இல் ஆட்சி எடுத்த இன்னொரு முடிவு எனக்கு நெடுநாள் விளங்கவே இல்லை. இத்தாலிய மொழியில் மரியாதையாகப் பேசும்போது எதிரே இருப்பவரை 'லேய்' என்பார்கள். அதன் நேர்ப்பொருள் 'அவள்'. அது அந்நியரிடமிருந்து வந்த அடிமைத்தனமான, பெண்மைத்தனமான வழக்கு என்றும், இனி எல்லோரும் 'வோய்' என்றே சொல்ல வேண்டும் என்றும் கட்சிச் செயலாளர் ஸ்தராச்சே உத்தரவிட்டார். 'தாங்கள்' என்ற சொல்லைத் தடைசெய்து 'நீங்கள்' மட்டும் போதும் என்று ஓர் அரசாணை வந்ததாக வைத்துக்கொள்ளலாம். 'லேய்' என்ற பெயரிலேயே வந்துகொண்டிருந்த பெண்கள் இதழ் தன் பெயரை 'அன்னபெல்லா' என மாற்றிக்கொண்டது. கலிலேயோ கலிலேயைக் கூட இனிக் 'கலிலேயோ கலிவோய்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு நகைச்சுவை உலவியது. தெற்கத்தியரான குரோச்சே காலமெல்லாம் 'வோய்' என்றே பேசிப் பழகியவர். ஆணை வந்த பிறகு வீம்புக்காகவே 'லேய்' என்று பேசத் தொடங்கினார் என்பார்கள்.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து துரத்தும் அரசுக்குப் பிரதிப்பெயரோடு என்ன பகை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தபோது இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்களாகத் தெரிந்தன. பக்கத்து வீட்டுக்காரரிடம் காலை வணக்கம் சொல்லும்போதுகூட, நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் வாயே காட்டிக்கொடுக்கும்படி அந்த ஆணை செய்தது. மனத்துக்குள் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைப் பற்றி ஆட்சி அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கை உயர வேண்டும், சொல் மாற வேண்டும், மோதிரம் வர வேண்டும். மறுத்தால், இவ்வளவு அற்பமான விஷயத்துக்கா இவ்வளவு பிடிவாதம் என்று முதலில் கேட்பவர் உங்கள் வீட்டாராகவே இருப்பார்கள். அப்படி நூறு முறை பணிந்து பழகிய ஆசிரியர், ஓர் அக்டோபர் காலையில் வருகைப் பதிவேட்டில் நான்கு பெயர்கள் அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, மிச்சப் பெயர்களை வாசித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கியிருப்பார்.

1943 ஜூலை 25 அதிகாலையில் முசோலினியின் சொந்தப் பேரவையே 19-க்கு 7 என்ற வாக்கில் அவரைக் கைவிட்டது. அன்று மாலை அரசர் அவரைப் பதவிநீக்கிக் கைது செய்யவைத்தார். வானொலியில் செய்தி வந்த இரவே மக்கள் இரவு உடையோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். மறுநாள் காலை ரோமின் நடைபாதைகளில் மூட்டைப்பூச்சிகள் இறைந்து கிடந்தன என்று மூதாட்டி சொன்னார். அவரும் அண்ணனும் விளையாட்டாகப் பொறுக்கப் போனபோது தாயார் இருவரையும் அறைந்து உள்ளே இழுத்தாராம். மாவு டப்பாவிலிருந்த மோதிரம் அந்த வாரமே வெளியே வந்தது. செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் ரோமுக்குள் நுழைந்ததும் மறுபடி உள்ளே போயிற்று.

சந்தைத் தட்டில் அந்த இரும்பு மோதிரத்துக்குப் பக்கத்தில் சிறிய சின்னம் ஒன்றும் கிடந்தது. அது என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் விலை குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தாமல் அவற்றைச் சாவிகளுக்கிடையே தள்ளிவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். 'லேய்' என்றுதான் கேட்டார்.