செவலைக்கு வரன் பார்க்கிறேன்

நான்கு மாதங்களாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு குதிரையின் அடையாளப் புத்தகம் கிடக்கிறது. மகளுக்கு வரன் பார்க்க வேண்டிய வயதில் மனிதர் குதிரைக்கு வரன் தேடுகிறார் என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொல்வது உண்மைதான். செவலைக்கு இப்போது 11 வயது. ஐந்து வயது வரை பந்தயத்தில் ஓடி, ஒரே ஒரு முறை மூன்றாவதாக வந்து, இனி ஓட்டிப் பயனில்லை என்று விற்பனைக்கு வந்த, பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் என்ற இனத்துப் பெட்டை அவள். நான் அவளை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேளச்சேரியிலிருந்து விடியுமுன் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள லாயத்துக்குப் போய்ச் சேணம் பூட்டினால், ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரத் தடைகளை வீட்டு வாசற்படியைத் தாண்டுவது போல அலட்டிக்கொள்ளாமல் தாண்டுகிறாள். அவளிடமிருந்து ஒரு குட்டி எடுக்க வேண்டும், அந்தக் குட்டி பந்தயத்துக்கு அல்லாமல் தடை தாண்டும் போட்டிகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எந்தப் பொலிகுதிரையை, அதாவது இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரையை, தேர்வது என்பதில்தான் இந்த நான்கு மாதமும் போயிற்று.

அடையாளப் புத்தகத்தில் குதிரையின் கோட்டுருவம் ஒன்று இருக்கும். நெற்றியிலும் கழுத்திலும் உள்ள மயிர்ச் சுழிகளை அதில் சிறு பெருக்கல் குறிகளாகப் போட்டிருப்பார்கள். நம் கைரேகை போல, ஆள்மாறாட்டம் நடக்காமல் அடையாளம் காண்பதற்காக. எங்கள் லாயத்தில் நெடுங்காலமாகக் குதிரை பார்க்கும் பெரியவர் ஒருவருக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் பொருட்டு. "சுழி சுத்தமா இருக்கு சார், மத்ததெல்லாம் காகிதம்" என்பார். புத்தகத்தில் செருகி வைத்திருக்கும் நான்கு தலைமுறை வம்சாவளித் தாளை நான் இரவில் உட்கார்ந்து படிப்பதும், அவர் விளக்கு வெளிச்சத்தில் சுழி பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதானோ என்று எனக்கே சில நேரம் தோன்றும்.

அந்தத் தாளில் தந்தை வழி மேல் பாதியிலும் தாய் வழி கீழ்ப் பாதியிலும் இருக்கும். கண் முதலில் மேலே போகும். விற்பவர்களும் மேல் வரியிலுள்ள பெயரைச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். ஆனால் தரோபிரெட் என்ற இனம் முழுவதுமே 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று பொலிகுதிரைகளை, அதாவது பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் ஆகியவற்றை, ஆண் வழி மூதாதையாகக் கொண்டது. அந்த மூன்றிலும் 1704இல் அலெப்போவிலிருந்து வந்த டார்லி அரேபியனின் வழியில்தான் இன்றைய தரோபிரெட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 95 சேர்கின்றன. ஊரே ஒரே கோத்திரம் என்றால் கோத்திரம் கேட்டு என்ன ஆகப் போகிறது? பந்தயக்காரர்களுக்கு அந்த மேல் வரி எவ்வளவு தூரம் ஓடும், எத்தனை வயதில் முதிரும் என்பதையாவது சொல்லும். தடை தாண்டும் குட்டி வேண்டும் என்பவருக்கு அது சொல்வது மிகக் குறைவு.

பந்தய இரத்தத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கு ஐரோப்பாவில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்து உழவுக் குதிரைக்கு வேலையில்லாமல் போனபோது, ஜெர்மனியின் வடகோடியில் உள்ள ஹோல்ஸ்டைன் வட்டார வளர்ப்பாளர்களின் கையில் இருந்தவை கனத்த உடலும் வலுவான பின்னங்கால்களும் கொண்ட வண்டிக் குதிரைகள். 1960இல் டிராவென்டாலில் இருந்த அரசுப் பண்ணை மூடப்பட்டது. பொலிகுதிரைகளை வளர்ப்பாளர் சங்கமே ஏற்றுக்கொண்டது. அந்தக் கனத்த பெட்டைகளோடு சேர்க்க அவர்கள் இங்கிலாந்தின் தரோபிரெட்டுகளைத் தேடினார்கள். அப்படி வந்த லேடிகில்லரின் மகன்கள் லாண்ட்கிராஃபும் லார்டும் பின்னாளில் ஹோல்ஸ்டைன் இனத்தின் தூண்களானார்கள். காட்டேஜ் சன் என்ற இன்னொரு தரோபிரெட்டின் ஆண் வழியில் கேப்பிடோல் வந்தது, அதன் மகனாகக் கசினி வந்தது. இன்றைய தடை தாண்டும் குதிரைகளின் தாளைப் புரட்டினால் கசினியின் பெயர் கண்ணில் படாமல் போவது அரிது. ஜெர்மானியர்கள் தரோபிரெட்டின் பெயருக்குப் பின்னால் 'எக்ஸ் எக்ஸ்' என்றும் அரபுக் குதிரையின் பெயருக்குப் பின்னால் 'ஓ எக்ஸ்' என்றும் எழுதுவார்கள். நம் லாயத்துப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் சுழிக்குப் பெருக்கல் குறி போடுகிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்துபோனார், நான் திருத்தவில்லை.

பிரான்சின் கதை இதைவிடச் சுவையானது. 1919இல் பிறந்த ஆரஞ்ச் பீல் என்ற தரோபிரெட் நார்மண்டிப் பெட்டைகளுக்குப் பொலிகுதிரையாக இருந்தது. அதன் மகன் தி லாஸ்ட் ஆரஞ்ச், பேரன் இப்ராகிம், இப்ராகிமின் மகன் ஆல்மே, ஆல்மேயின் மகன் கலூபே, கலூபேயின் மகன் பலூபே து ரூவே, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ரோட்ரிகோ பெசோவாவுக்குத் தனிநபர் தங்கம் பெற்றுத் தந்த குதிரை. 1939இல் பிறந்த ஃபூரியோசோ என்ற இன்னொரு தரோபிரெட்டின் மகன் லூத்தர் பி, 1964 டோக்கியோவில் பியர் ஜோங்கேர் டோரியோலாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தது. ரான்ட்ஸோ என்ற தரோபிரெட்டுக்குப் பிறந்த கோர் த லா பிரியேர், 1970களின் தொடக்கத்தில் ஹோல்ஸ்டைனுக்குப் போய் அங்குள்ள இனத்தின் உடலமைப்பையும் தாண்டும் பாணியையுமே மாற்றியது. அதன் தாய்வழிக் கொள்ளுத்தாத்தாவும் இந்த ஃபூரியோசோதான்.

இந்தப் பெயர்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறைத்த செய்தி ஒன்று உண்டு. ஓட்டக் களத்தில் உச்சப் புகழ் பெற்ற குதிரைகள் இந்தப் பட்டியலில் இல்லை. டெர்பி வென்ற குதிரையின் விலைக்கு உழவர் சங்கம் எங்கே போகும் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வாங்கப் போனவர்கள் பெயரைப் பார்க்காமல் எதிரே நிற்கும் குதிரையைப் பார்த்தார்கள்: தோள்பட்டை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கழுத்து மார்பிலிருந்து எவ்வளவு மேலே எழும்புகிறது, பிட்டம் முதுகின் முன்மேட்டைவிட உயர்ந்திருக்கிறதா, எத்தனை ஆண்டுகள் ஓடியும் கால்கள் கெடாமல் இருக்கின்றனவா. தரோபிரெட்டிடமிருந்து அவர்களுக்கு வேண்டியவை பெரிய இதயம், மெல்லிய தோல், சொன்னதும் துள்ளி எழும் சுறுசுறுப்பு, களைத்த பின்னும் ஓடும் மனம். வேண்டாதவை, மூக்குத் தரையை நோக்கிச் சரியும் முன்கனத்த உடலும், சட்டென்று பற்றிக்கொள்ளும் படபடப்பும், லாட ஆணி பிடிக்காத மெல்லிய குளம்பும். இவையெல்லாம் ஒரே இனத்துக்குள்ளேயே இருப்பவை. தனிக்குதிரையைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

ஓட்டத்தில் தோற்றதே தாண்டுவதில் வென்றதற்கு எனக்குப் பிடித்த சான்று டச் ஆஃப் கிளாஸ். 16 கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரமே இருந்த அமெரிக்கத் தரோபிரெட் பெட்டை. ஆறு பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் வெல்லவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸை ஏற்றிக்கொண்டு 91 தடைகளில் 90ஐச் சுத்தமாகத் தாண்டி இரண்டு தங்கம் வாங்கியது. செவலையின் அந்த ஒற்றை மூன்றாமிடத்தை யாராவது இளக்காரமாகப் பேசினால் நான் இந்தக் கதையை எடுத்துவிடுவேன்.

ஈவென்டிங் என்ற முப்பிரிவுப் போட்டிக்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவு. காட்டுவெளியில் கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்தோட வேண்டிய அந்தப் போட்டியில் தரோபிரெட் இரத்தம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் மிக்கேல் யுங்குக்குத் தனிநபர் தங்கம் தந்த சாம், தந்தை வழியில் ஸ்டான் தி மேன் என்ற தரோபிரெட்டுக்கும், தாய்வழித் தாத்தாவாக ஹெரால்டிக் என்ற தரோபிரெட்டுக்கும் கடன்பட்டது. முக்கால் பங்கு பந்தய இரத்தம் என்று கணக்கிடலாம். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த அந்த ஹெரால்டிக்கின் பெயர் சாமின் தாளில் கீழ்ப் பாதியில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1777இலேயே கிண்டியில் பந்தயம் தொடங்கிவிட்டது என்றாலும், இந்தியாவில் பிறக்கும் தரோபிரெட்டுகளின் பண்ணைகள் பெரும்பாலும் புணே பக்கமும் பஞ்சாபிலும் இருக்கின்றன, பதிவேடும் புணேயில்தான். நார்தர்ன் டான்சரின் மகன் ரஸீன், மிஸ்டர் ப்ராஸ்பெக்டரின் மகன் பிளேசர்வில் போன்ற பொலிகுதிரைகள் இங்கே பல ஆண்டுகள் கோலோச்சியதால், ஓய்வு பெற்று நமக்குக் கிடைக்கும் குதிரைகளின் தாளில் இவர்களுடைய இரத்தம் அடிக்கடி தென்படும். 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் ஒரு வடிவம் குறுந்தூர வேகத்தோடும் இன்னொரு வடிவம் நெடுந்தூர ஓட்டத்தோடும் தொடர்புடையது என்று காட்டியது. நான் தாளில் தேடுவது நெடுந்தூரக்காரர்களை. குறுந்தூர வேகத்துக்கென்றே பொறுக்கிய குதிரைகள் பின்பக்கம் தடித்து, பிட்டம் உயர்ந்து, முன்னோக்கிச் சரிந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த உடல் தடைக்கு முன்னால் தன் முன்பாதியைத் தூக்கச் சிரமப்படும்.

இதை நண்பர் ஒருவர் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். வேகத்துக்குப் பேர்போன ஒரு பொலிகுதிரையின் பெயரில் மயங்கி, தாய்க் குதிரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துவிட்டார். பிறந்த குட்டி அழகுதான். மூன்று வயதில் அதை நிறுத்தி அளந்தபோது பிட்டம் முன்மேட்டைவிட மூன்று விரற்கடை உயர்ந்து நின்றது. இன்று அது சாதுவான சவாரிக் குதிரை. எண்பது சென்டிமீட்டருக்கு மேல் வைத்தால் கட்டையை இடித்துக்கொண்டு போகும்.

சென்னைக்கென்று தனியான ஒரு கவலையும் உண்டு. வார்ம்பிளட் எனப்படும், ஹோல்ஸ்டைன் போன்ற கனத்த ஐரோப்பிய விளையாட்டுக் குதிரைகளுக்கு மே மாதப் புழுக்கத்தில் உடல் சூட்டை வெளியேற்றுவது கடினம். உடல் ஒடுங்கி, தோல் மெல்லியதாக இருக்கும் தரோபிரெட்டுக்கு அது எளிது. இரண்டுக்குமே ஈரப்பதம் மிகுந்த கோடையில் வியர்வை நின்றுபோகும் நோய் வரலாம்: வேலை முடிந்து வரும் குதிரையின் தோல் காய்ந்திருக்கும், மூக்கு மட்டும் துருத்தி போல விரிந்து சுருங்கும். ஆகவே இங்கே பிறக்கும் குட்டியில் ஐரோப்பியர்கள் வைப்பதைவிடப் பந்தய இரத்தம் மிகுந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. அரைக்கு அரை போதாது.

பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே உயர்ந்த பொலிகுதிரையை உயர்ந்த பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய சப்பைக் குட்டியே பிறக்கிறது என்று எழுதிவைத்தார். குதிரைகளுக்கு வேகவைத்த அரிசியும் இறைச்சியும் கொடுப்பதையும் குறித்திருக்கிறார். எழுநூறு ஆண்டுகள் கழித்தும் நாம் தவிட்டை அள்ளிக் கொட்டுகிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சினைக் குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் அந்தக் குறையை ஈடுகட்டாவிட்டால் எலும்பு கெடும். கொள்ளோடு குதிரை மசால் தழையும் தாது உப்பும் கொடுக்காதவர் வம்சாவளியைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று கால்நடை மருத்துவர் என்னிடம் கடிந்து சொன்னார், நியாயம்தான்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று பாதி வார்ம்பிளட். தாளில் நான் மேலே சொன்ன ஹோல்ஸ்டைன் பெயர்கள் எல்லாம் இருந்தன. இன்னொன்று ஓசூருக்கு அப்பால் ஒரு சிறு பண்ணையில் நிற்கும் தரோபிரெட். ஆறு ஆண்டுகள் நெடுந்தூரப் பந்தயங்களில் ஓடியும் காலில் ஒரு வீக்கமும் இல்லாதது. தரோபிரெட் பதிவேட்டில் குட்டியைச் சேர்க்க வேண்டுமானால் இயற்கைச் சேர்க்கை மட்டுமே செல்லும், செயற்கைக் கருவூட்டல் கூடாது. எனக்குப் பதிவேடு தேவையில்லை என்றாலும் பண்ணைக்காரர் அந்த வழக்கத்தை விடுவதாக இல்லை. பெரியவரையும் அழைத்துக்கொண்டு போன மாதம் ஓசூர் போனேன். மழை பெய்து ஈரமாக இருந்த மண்ணில் குதிரையை நடத்திக் காட்டச் சொன்னேன். முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னால் பின்னங்குளம்பு பதிந்தது. நான் குனிந்து தடத்தை அளந்துகொண்டிருந்தபோது பெரியவர் நெற்றி மயிரை விலக்கிச் சுழியைப் பார்த்தார். பிறகு அந்தக் குதிரையின் தாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பின்பக்கக் கொட்டிலில் இருந்தது. 20 வயது, முதுகு சற்றுக் குழிந்திருந்தாலும் நான்கு கால்களும் நேராக நின்றன. முன்பின் தெரியாத எங்களைப் பார்த்துக் காதை முன்னால் நிமிர்த்தியது.

பிப்ரவரி நடுவில் செவலையை ஓசூருக்கு வண்டியில் ஏற்றுவதாக முடிவு. சினை பிடித்தால் பதினொரு மாதம். பொங்கல் கழிந்து, குளிர் முற்றிலும் போகாத ஒரு வாரத்தில் குட்டி தரையில் நிற்கும். பெரியவர் அதற்குள் கொட்டிலில் மணல் மாற்ற வேண்டும் என்கிறார்.