பிஸ்கட் டப்பாவுக்குள் மெட்ராஸ்

நவம்பர்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாக்போர்ட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சந்தை கூடும். கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கும் பழசையெல்லாம் விற்பார்கள். நான் போனது ஒரு மர ஏணி வாங்க. வாங்கி வந்தது துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று. 12 பவுண்டு சொன்னார், 8-க்குக் கொடுத்தார். உள்ளே 11 பழுப்பு உறைகள், அவற்றில் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். எண்ணிப் பார்த்தேன், 112. ஒன்றைத் தூக்கி வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். வெள்ளைப் புகைபோக்கியிலிருந்து கறுப்புப் புகை போய்க்கொண்டிருந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா.

நான் பெரம்பூரில் வளர்ந்தவன். லோகோ ஒர்க்ஸ் சங்கு ஊதினால் கடிகாரத்தைச் சரிபார்க்கும் வீடு எங்களுடையது. ஆனாலும் பிரிட்டிஷ் ரயில்களைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பூஜ்யம். படம் எடுத்தவர் உறைகளின் மேல் ஒரு எழுத்துகூட எழுதி வைக்கவில்லை. ஊர் இல்லை, தேதி இல்லை.

நவம்பர் கடைசி வாரம்

வீட்டிலிருந்த பழைய ஸ்கேனரில் ஆரம்பித்தேன். முதல் நாளே இரண்டு பாடம். நெகட்டிவ் சுருண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, படம் முழுக்க எண்ணெய் மிதக்கும் தண்ணீர் மாதிரி வளையம் வளையமாக விழுந்தது. இன்னொன்று, ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் வசதி ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் இன்ஜினின் பாதி கரைந்து காணாமல் போகிறது. அது அகச்சிவப்பு ஒளியை வைத்து வேலை செய்வது. வண்ண ஃபிலிமின் சாயத்தை அந்த ஒளி ஊடுருவிவிடும், தூசி மட்டும் மறிக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் மறிக்கிறது. ஆகவே இன்ஜினையே தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது.

சரி என்று ஸ்கேனரை மூட்டை கட்டிவிட்டு, கேமராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, எல்.ஈ.டி. விளக்குப் பலகை மேல் நெகட்டிவை வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினேன். பிடிமானத்துக்குக் கறுப்பு அட்டையில் 6 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு சன்னல் வெட்டினேன். ஊதித் தூசி தட்டும் ரப்பர் குமிழ் போதும், ஈரத்துணி கூடவே கூடாது.

இதிலும் ஒரு சொதப்பல். முதல் 30 படங்களைப் புறம் மாற்றி வைத்துவிட்டேன். எல்லா ரயிலும் வலது தண்டவாளத்தில் போவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பிரிட்டனிலும் நம்மூர் மாதிரி இடதுபக்க ஓட்டம்தான், சொல்லப்போனால் நமக்கே அங்கிருந்து வந்த வழக்கம். நெகட்டிவின் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். பளபளக்கும் பக்கம் நம்மைப் பார்த்திருந்தால் ஃபிலிம் ஓரத்து எழுத்துகள் நேராகத் தெரியும், படமும் நேர். 30-ஐயும் கணினியிலேயே திருப்பிவிட முடிந்தது. மறுபடி எடுக்க வேண்டியிருந்தால் டப்பாவை அப்போதே பரணில் போட்டிருப்பேன்.

டிசம்பர்

கண்ணுக்குப் பழக்கமானதும் ஒன்று புரிந்தது. இன்ஜினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காலம் பிடிபடாது. ஒரே இன்ஜின் முப்பது வருடம் ஓடியிருக்கும். அதன் மேல் ஒட்டியதும் பூசியதும்தான் காலத்தைக் காட்டிக் கொடுக்கின்றன.

உதாரணமாக எண்கள். 1948 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் ரயில்வே நாட்டுடைமை ஆனது. அதற்கு முன்பு நான்கு பெரிய கம்பெனிகள். நான்கு பட்டியலிலும் ஒரே எண்கள் இருந்ததால், சதர்ன் கம்பெனி இன்ஜின்களோடு 30000, லண்டன் மிட்லண்ட் அண்டு ஸ்காட்டிஷ் இன்ஜின்களோடு 40000, லண்டன் நார்த் ஈஸ்டர்ன் இன்ஜின்களோடு 60000 கூட்டினார்கள். கிரேட் வெஸ்டர்ன் மட்டும் பழைய எண்ணிலேயே ஓடியது. ஐந்திலக்க எண் 4-ல் தொடங்கினால் படம் 1948-க்குப் பிறகு, இன்ஜின் எந்தக் கம்பெனிப் பிள்ளை என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு படத்தில் பெட்டிக் கதவில் பெரிதாக 3 என்று இருந்தது. அப்படியானால் 1956 ஜூனுக்கு முன்பு. அந்த மாதம்தான் மூன்றாம் வகுப்பை இரண்டாம் வகுப்பு என்று பெயர் மாற்றினார்கள். அதுவரை முதல் வகுப்பு, அடுத்து நேரே மூன்றாம் வகுப்பு. நடுவில் இருந்த இரண்டாம் வகுப்பை மிட்லண்ட் ரயில்வே 1875-லேயே ஒழித்துவிட, மற்றவர்களும் மெல்ல மெல்லப் பின்பற்றினார்கள். நம்மூரில் மூன்றாம் வகுப்பு 1974 வரை இருந்தது. அதில் பயணம் செய்த கதைகளை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

விளக்குகளும் பேசும். இன்ஜின் முகத்தில் இரண்டு பக்கமும் இடி தாங்கும் பஃபர்களுக்கு மேல் ஒவ்வொரு விளக்கு இருந்தால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கி அடியில் ஒற்றை விளக்கு என்றால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சர். அந்தக் காலத்தில் பகலில்கூட அந்த விளக்குகள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். சிக்னல்காரருக்கு வருவது என்ன வண்டி என்று தெரிய அதுதான் வழி.

டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை

ஏழாவது உறை. இதற்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன்.

பக்கவாட்டில் நிற்கும் ஒரு இன்ஜின். இலை உதிர்ந்த மரங்கள், பின்னால் மின்கம்பிக் கம்பங்கள். சிலிண்டரிலிருந்து பீறிடும் நீராவி முன்பகுதியை மூடியிருக்கிறது. சக்கரத்துக்கு மேலே வளைந்த பெயர்ப் பலகையில் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன: ஏ, எஸ். ஓட்டுநர் அறையின் பக்கத்தில் எண். கரிப்புகை அப்பி, 455 வரைக்கும் படிக்க முடிகிறது. மீதி இரண்டு இலக்கம் இருட்டு.

ஜூபிலி ரகம் என்று அதற்குள் எனக்கே தெரிந்தது. வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்து, 1934 முதல் 1936 வரை கட்டிய 191 இன்ஜின்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி வந்த பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு, அந்தப் பட்டியலைப் படித்தால் பழைய சாம்ராஜ்ய வரைபடத்தைச் சுவரில் மாட்டியது போல இருக்கும். இந்தியா, பம்பாய், வங்காளம், பஞ்சாப், ஹைதராபாத், மைசூர், திருவிதாங்கூர். 45604 சிலோன். 45575 மெட்ராஸ்.

ஆங்கிலத்தில் மெட்ராஸ் எப்படி முடிகிறது? ஏ, எஸ். எண்ணின் தொடக்கம்? 455. நள்ளிரவு தாண்டியிருந்தது. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "நம்ம மெட்ராஸா? காலையில சொல்லுங்க" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் அந்தப் படத்தை மட்டும் தனியாகச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கி அழித்தேன். ஓட்டுநர் அறையின் பக்கத்தில் மேலிருந்து கீழே சாய்வாக ஒரு வெளிர் கோடு, நெகட்டிவில் கீறல். அதையும் பொறுமையாக மறைத்தேன். நாலு மணி நேரம். பிறகு பெரிய அளவில் அச்செடுத்தேன்.

ஜனவரி

நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை பழைய படம் பார்க்கும் பெரியவர்கள் கூடுவார்கள். ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் பதினாறு வயதில் எட்ஜ்லி ஷெட்டில் கரி அள்ளிப் போடச் சேர்ந்தவர், அப்புறம் ஓடும் இன்ஜினில் அடுப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன். எட்ஜ்லி என்பது ஸ்டாக்போர்ட்டில் இருந்த இன்ஜின் கொட்டகை, 1968-ல் மூடப்பட்டது. தேநீர் வந்ததும் அச்சை மேஜையில் வைத்து, "மெட்ராஸ்" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

யாரும் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. ஏ, எஸ் என்று முடிவது நான்கு ஜூபிலி என்றார் ஒருவர். மெட்ராஸ், பஹாமாஸ், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், அட்லஸ். விரல் விட்டு எண்ணினார், பட்டியல் மனப்பாடம். எண் 455 என்பதால் 45602 ஹோண்டுராஸும் 45737 அட்லஸும் அடிபட்டுப் போயின. மிச்சம் 45575 மெட்ராஸ், 45596 பஹாமாஸ். பலகையின் நீளத்தை அளந்து பார்க்கலாமா என்று இரண்டு பேர் அடிக்குச்சியை எடுத்தார்கள். ஆறெழுத்துக்கும் ஏழெழுத்துக்கும் வித்தியாசம் வருமா வராதா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். நீராவி மறைத்த பலகையை எங்கிருந்து அளப்பது?

ஃபயர்மேன் பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தின் மேல் ஓரத்தில் விரலை வைத்தார். புகைபோக்கி முன்பின்னாக நீண்டிருந்தது. அது இரட்டைப் புகைபோக்கி என்றார். 1961-ல் பஹாமாஸுக்கு அதைப் பொருத்தினார்கள். அறுபதுகளில் 455-ல் தொடங்கும் ஜூபிலி ஒன்று அப்படிப் புகைபோக்கியோடு நின்றால் அது பஹாமாஸ்தான், வேறில்லை.

என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், விளக்கவும் செய்தார். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி ஒரு குழாய் வழியாகப் புகைபோக்கிக்குள் சீறி வெளியேறும். போகிற போக்கில் புகையையும் இழுத்துப் போகும். அந்த இழுப்பில்தான் அடுப்புக்குக் காற்று வருகிறது. இழுப்பு சரியில்லை என்றால் எவ்வளவு கரி போட்டாலும் நீராவி எழும்பாது. ஜூபிலிகள் புதிதாக வந்தபோது இந்தக் கோளாறுக்குப் பேர் போனவை. சீற்றத்தை இரண்டாகப் பிரித்துவிட்டால் இழுப்பு நன்றாகக் கிடைக்கும், சிலிண்டருக்கும் மூச்சு முட்டாது. "முதுகுக்குத்தான் தெரியும் அந்த வித்தியாசம்" என்றார்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஓட்டுநர் அறையில் மஞ்சள் கோடு இருக்கிறதா?

என்ன கோடு என்றேன். 1964 செப்டம்பர் முதல், க்ரூ ஜங்ஷனுக்குத் தெற்கே மின்கம்பிக்கு அடியில் போகக் கூடாத இன்ஜின்களுக்கெல்லாம் ஓட்டுநர் அறையின் பக்கத்தில் சாய்வாக ஒரு மஞ்சள் கோடு அடித்தார்கள். கம்பிக்கும் இன்ஜினுக்கும் இடைவெளி போதாது, 25,000 வோல்ட். ஜூபிலிகளும் அந்தத் தடையில் உண்டு. கோடு இருந்தால் படம் அதற்குப் பிறகு, இல்லாவிட்டால் முன்பு.

நாலு மணி நேரம் உட்கார்ந்து நான் மறைத்த கீறல்.

ஜனவரி, அன்று இரவே

நெகட்டிவ் இருக்கிறது, நல்ல வேளை. மறுபடி எடுத்தேன், இந்தமுறை எதையும் தொடாமல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோட்டின் இரண்டு ஓரமும் நேர்த்தியாக இருக்கின்றன. கீறல் அப்படி இருக்காது. கீறல் என்றால் ஓட்டுநர் அறையோடு நின்றுவிடுமா, வானத்திலும் தொடர்ந்திருக்கும். இது கண்ணில் படாததற்கு ஒரே காரணம், நான் படத்தைப் பார்க்கவில்லை, மெட்ராஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, கோடு இருப்பதால் 1964 செப்டம்பருக்குப் பின். பஹாமாஸ் 1962 முதல் எட்ஜ்லியில் இருந்து, 1966 ஜூலையில் ஓய்வு பெற்றது. மரங்களில் இலை இல்லை. 64-65 குளிர்காலம் அல்லது 65-66 குளிர்காலம். அதே ஃபிலிம் துண்டில் அடுத்த படம் இன்ஜினின் முகம். புகைப்பெட்டிக் கதவின் அடியில் முட்டை வடிவத் தகடு, அதில் 9பி. எட்ஜ்லி ஷெட்டின் குறியீடு. மின்கம்பங்களும் பொருந்துகின்றன. மான்செஸ்டரிலிருந்து க்ரூ வரை 1960-லேயே மின்சாரம் வந்துவிட்டது. இவ்வளவையும் பக்கத்துப் படம் முதலிலேயே சொல்லியிருக்கும். நான் ஒரு படத்தை மட்டும் துண்டிலிருந்து பிரித்தெடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாவற்றுக்கும் இரண்டு கோப்பு. ஒன்று அழுக்கோடு, ஒன்று சுத்தமாக. உறை எண், துண்டு எண், ஃபிலிம் ஓரத்துப் பட எண் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிட்டேன். அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டு போவது இனி அழுக்குப் பிரதிதான். பெரியவர்களுக்கும் அதுவே பிடித்திருக்கிறது. போன வாரம் ஒரு படத்தில் நான் அழுக்கு என்று நினைத்த ஒன்றை சிக்னல் கம்பி என்று கண்டுபிடித்து, அதை வைத்தே எந்தத் திசை என்று சொன்னார்கள்.

பிப்ரவரி

பஹாமாஸ் உடைபடாமல் தப்பிய நான்கு ஜூபிலிகளில் ஒன்று. ஆர்வலர்கள் சங்கம் அமைத்துக் காப்பாற்றினார்கள், அந்தச் சங்கத்தின் இடம் யார்க்‌ஷயரில் கீலிக்குப் பக்கத்தில் இங்ரோவில் இருக்கிறது. மற்ற மூன்றில் ஒன்று 45593 கோலாப்பூர். மெட்ராஸும் சிலோனும் பழைய இரும்பாகிப் போயின. கோடை வந்ததும் இங்ரோ போக வேண்டும். ஃபயர்மேன் பெரியவரையும் அழைத்திருக்கிறேன், முழங்கால் ஒத்துழைத்தால் வருவதாகச் சொன்னார்.

கணக்கு: 112-ல் 103 எடுத்தாயிற்று. ஊரும் ஏறக்குறைய வருடமும் தெரிந்தவை 19. பதினொன்றாம் உறையை மட்டும் தனியே வைத்திருக்கிறேன். திறந்தாலே வினிகர் வாடை. ஃபிலிமின் அசிடேட் சிதையத் தொடங்கினால் இந்த வாடை வரும், பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும். மெட்ராஸ் இருந்தால் இனி அதில்தான் இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரி சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முதல் துண்டை எடுத்தேன். மூன்று படம். மூன்றிலும் கடற்கரை மணலில் நனைந்த நாய் ஒன்று, பின்னால் பிளாக்பூல் கோபுரம். இன்னும் இரண்டு துண்டு பாக்கி.