அம்பாசடர் முன் சீட்டுக்கு வீட்டிலேயே உறை தைத்தோம்

செங்கோட்டைச் சாரலில் ரெக்சின் கூடப் பூஞ்சை பிடித்துவிடும். அப்பாவின் 1978 மாடல் அம்பாசடர், மார்க் 3. கியர் ஸ்டீயரிங் ஓரத்தில் இருப்பதால் முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீளச் சீட்டு. தையல் விட்டுப் போய், உள்ளே இருந்த தேங்காய் நார் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஆவணியில் புனலூரில் கல்யாணம். அதற்குள் வண்டி தயாராக வேண்டும். "ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுட்டு முழு ஸ்பாஞ்ச் வைச்சிரலாம்" என்றார்கள் ஒரு கடையில். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சீட்டில் உட்கார்ந்ததும் மெல்ல அமுங்கி எழும் சுகமே ஸ்பிரிங்கால் வருவதுதான்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகே சீட்டு கழன்றது. உறையைப் பிடித்திருந்த கம்பி வளையங்களைக் குறடால் வெட்டினேன். மூக்கில் துண்டு கட்டாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், அவ்வளவு தூசி.

பழைய உறையைக் கிழித்து எறிந்துவிடக் கூடாது. அதுதான் அளவு. தையலைப் பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் எண் போட்டு, எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டேன். ஆனால் இரண்டு துண்டுகள் எந்த இடத்தில் சேர்கின்றன என்று குறிக்க விட்டுவிட்டேன். பக்கத் துண்டு ஒரு விரல் அகலம் விலகிப்போய், ரெக்சின் வீணானது. மறுமுறை ஒவ்வொரு ஜாண் தூரத்துக்கும் இரு துண்டிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டேன், தையலுக்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினேன். அப்புறம் சரியாக வந்தது.

அம்மாவின் தையல் மெஷினில் 16 நம்பர் ஊசி இரண்டு உடைந்தது. 18 நம்பர் ஊசியும் நைலான் நூலும் போட்டோம். பைப்பிங், அதாவது விளிம்புத் தையலில் வரும் உருண்டையான கரை, வரும் மூலைகளில் நாலு மடிப்பு சேர்கிறது. அங்கே மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் உருட்டி அம்மாவே தைத்துக் கொடுத்தாள்.

ஸ்பிரிங்கைக் கம்பி பிரஷால் தேய்த்து துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தேன். விட்டுப்போன இரண்டு இடங்களைக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். அதன் மேல் சணல் சாக்கு, பிறகு புதிய நார் மெத்தை, கடைசியில் ஒரு அங்குல ஸ்பாஞ்ச். தென்காசியில் குஷன் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், "சாக்கை மட்டும் விட்டுராதீக தம்பி, இல்லேன்னா ஸ்பிரிங் நாரை அறுத்துப்போடும்" என்று சொல்லியிருந்தார்.

உறையை இழுத்து மாட்டுவதற்கு ரெக்சின் சூடாக இருக்க வேண்டும். ஆடிச் சாரலில் வெயிலுக்கு எங்கே போவது? அக்காவின் ஹேர் டிரையரைப் பிடித்து இளக்கி, நடுவில் முதல் வளையத்தைப் போட்டு, இரு பக்கமும் மாறி மாறி மூலை வரைக்கும் போனேன். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும்.

கல்யாணத்தன்று புளியரை, ஆரியங்காவு மலைப்பாதை முழுக்க அப்பா, அம்மா, நான் மூவரும் முன் சீட்டில்தான் உட்கார்ந்து போனோம். பின் சீட்டின் பழைய உறையை இந்த வாரம்தான் பிரிக்கத் தொடங்கியிருக்கிறேன்.