டோக்கன் வாங்குவது கால்வாசி வேலை: நடமாட முடியாத ஆச்சிக்குத் தடுப்பூசி

எண்பதைத் தாண்டிய ஆச்சி. இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தபின் வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து புறவாசல் வரைதான் நடமாட்டம். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ரத்தம் இளக்கும் மாத்திரையும் ஓடுகிறது. இப்படிப்பட்டவருக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், வீட்டில் ஒருவர் உடனே போனை எடுத்து ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுவார், இன்னொருவர் மருந்துக்கடைக்குப் போய் ஊசியை வாங்கி வந்துவிடுவார். இரண்டுமே கடைசியில் செய்ய வேண்டிய வேலைகள். முதலில் தீர்மானிக்க வேண்டியது யார் போடுவார், எங்கே வைத்துப் போடுவார் என்பது. அதற்குப் பிறகுதான் ஊசி, வண்டி, டோக்கன். வரிசை மாறினால் ஆச்சி காரில் உட்கார்ந்திருப்பாள், ஊசி வேறு எங்கோ இருக்கும்.

2021-ல் கொரோனா ஊசிக்கு அலைந்த பழக்கத்தில் பலர் இதையும் அப்படியே நினைக்கிறார்கள். அப்போது கோவின் தளத்தில் பதிந்து நேரம் பிடித்தால் போதும், ஊசி அங்கே இருக்கும். பிற்பாடு ஊருக்குள்ளேயே முகாம் வந்தது, படுக்கையில் இருந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்தும் போட்டார்கள். பெரியவர்களுக்கான ஃப்ளூ, நிமோனியா ஊசிகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசியும் காயத்துக்குப் போடும் டிடி ஊசியும் இலவசமாகக் கிடைக்கும். ஃப்ளூ, நிமோனியா ஊசிகள் வழக்கமாக அங்கே இருப்பில் இருக்காது. ஆனாலும் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட வேண்டும், சிறப்பு முகாம் ஏதாவது நடந்தால் நர்சம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். புதன்கிழமை போய்க் கேட்காதீர்கள், அது குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற பெண் தன்னார்வலர் இந்த ஊசி போட மாட்டார். ஆனால் ஊசிக்கு முந்தின வாரம் பிரஷரும் சர்க்கரையும் எவ்வளவு என்று அவரிடம் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

காலம் முக்கியம். ஃப்ளூ ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய 2 வாரம் ஆகும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். அதனால் செப்டம்பரில் போட்டுவிடுவது நல்லது. தவறிவிட்டால் நவம்பரில் போட்டாலும் வீண் இல்லை. இது வருஷத்துக்கு ஒரு தடவை போட வேண்டிய ஊசி. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு 2 தடவை, வட அரைக்கோளத்துக்கு ஒன்றும் தென் அரைக்கோளத்துக்கு ஒன்றுமாக, எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. பெட்டியில் எந்த அரைக்கோளம், எந்த வருஷம் என்று அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதியோடு இதையும் பார்க்க வேண்டும். போன வருஷம் 4 வகைக் கிருமிக்கான ஊசி போட்டோம், இப்போது 3 வகை என்று இருக்கிறதே, மட்டமான சரக்கோ என்று பயப்பட வேண்டாம். பி யமகாட்டா என்கிற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

நிமோனியா ஊசியை எந்த மாதமும் போடலாம். குழப்பம் எல்லாம் வகையில்தான் வரும். கான்ஜுகேட் என்ற வகையில் 13, 15, 20 என்று எண் போட்டு வரும், எத்தனை வகைக் கிருமிக்கானது என்பதுதான் அந்த எண். பாலிசாக்கரைடு என்ற பழைய வகையில் 23. எண் பெரிதாக இருப்பதுதான் உயர்ந்தது என்று கடைக்காரரே சொல்லிக் கேட்டிருக்கிறேன், அப்படி இல்லை. 20 போட்டால் பெரும்பாலும் அந்த ஒன்றோடு முடிந்தது. 13 போட்டால் சாதாரணமாக ஒரு வருஷம் கழித்து 23 போடுவார்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு 8 வாரத்திலேயே போடுவதும் உண்டு. 23-ஐ முதலில் போட்டுவிட்டால் கான்ஜுகேட்டுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆகவே 'நிமோனியா ஊசி' என்று மட்டும் கடையில் கேட்காமல், டாக்டர் எழுதிய பெயரையும் எண்ணையும் காட்டி வாங்குங்கள்.

இனி ஆஸ்பத்திரிக்குப் போன் போடுகிற வேலை. வரவேற்பில் இருக்கிற பிள்ளை எதைக் கேட்டாலும் 'இருக்கு, வாங்க' என்றுதான் சொல்லும். ஒரு தடவை அதை நம்பி நாங்கள் புறப்பட்டுப் போன இடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்து, வெளியே கடையில் வாங்கி வரச் சொன்னார்கள். முதல் கடையில் ஸ்டாக் இல்லை, இரண்டாவது கடையில் வேறு வகை. ஆச்சி ஒன்றரை மணி நேரம் காரிலேயே இருந்தாள். இப்போது கேட்கும் விதம் வேறு: "ஊசி இப்ப உங்க ஃப்ரிட்ஜுல இருக்கா? பெட்டியைப் பாத்து எக்ஸ்பயரி தேதி சொல்லுங்கம்மா." தேதியைச் சொல்லிவிட்டால் ஊசி இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது, போடுகிற சிஸ்டர் எத்தனை மணிக்கு வருவார், டாக்டர் பார்த்த பிறகுதான் போடுவார்களா என்பது. அதன்பின் வாசலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா, ஊசி போடும் அறை கீழ்த்தளம்தானா. கடைசியாக, முக்கியமானது: "நடக்க மாட்டாங்க, காருக்கே வந்து போட்டுருவீங்களா?" பல சின்ன ஆஸ்பத்திரிகளில் சரி என்பார்கள். சரி என்றவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அன்றைக்கு வேறு ஆள் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை திங்கள் காலை வேண்டாம், கூட்டம் அலைமோதும். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் 12 வரை ராகுகாலம், ஆச்சி படி இறங்க மாட்டாள், அந்த நேரத்துக்கு டோக்கன் வாங்கி வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். பாளையங்கோட்டை என்றால் தசரா நாட்களையும் தவிர்க்க வேண்டும், சப்பரம் வருகிற தெருக்களில் கார் நுழையாது. அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த ஊசிக்காக அவ்வளவு தூரம் வரத் தேவையில்லை, உள்ளூர் டாக்டரே ஊசியை வரவழைத்துப் போடலாம்.

வீட்டுக்கே வந்து போடுகிறேன் என்று டாக்டரோ சிஸ்டரோ சொன்னால் அதுதான் மேல். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: அட்ரினலின் ஊசி கையோடு கொண்டு வருவீர்களா? தடுப்பூசிக்குக் கடும் ஒவ்வாமை வருவது மிக அபூர்வம், வந்தால் நிமிஷக் கணக்கில் வரும், அப்போது தொடையில் போட வேண்டிய மருந்து அது. கொண்டு வராதவரையும், போட்ட உடனே கிளம்பிவிடுகிறவரையும் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். அரை மணி நேரம் இருந்து, காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். போட்ட ஊசியை மூடி போடாமல் அவரே டப்பாவில் எடுத்துப் போக வேண்டும், வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

வீட்டுக்கு வருகிறவருக்காக ஊசியை நாம் வாங்கினால் குளிர்ச்சி கெடாமல் கொண்டுவர வேண்டும், 2 முதல் 8 டிகிரிக்குள். சூடு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது தெரியாது. உறைந்து இளகிய ஊசி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. கடையில் கொடுக்கும் ஐஸ் பேக் கல்லாக இருந்தால், மேலே வேர்த்து நீர் துளிக்கும் வரை வெளியே வைத்துவிட்டு, ஊசிப் பெட்டியைச் செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, ஐஸைத் தொடாதபடி தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். முந்தின நாளே வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதைத் தவிர்க்கலாம், கரண்டு போகிற ஊர் நம்முடையது. அன்று காலையே வாங்குவது உத்தமம்.

வெளியே போயே ஆக வேண்டும் என்றால் வீட்டிலிருந்து தெருவுக்கு இறக்குவதுதான் பெரும்பாடு. நம்ம பக்கத்து வளவு வீடுகளில் நிலைப்படி உயரம், வாசல் குறுகல், தார்சா என்கிற முன்கூடத்தைத் தாண்டினால் இரண்டு மூன்று படி, அதற்குக் கீழே வாருகால் என்கிற சாக்கடை, அதன் மேலே ஒரு கல். வாடகைக்குச் சக்கர நாற்காலி எடுக்குமுன் வாசலை அளந்து பாருங்கள், விரித்த நாற்காலி 2 அடிக்கும் மேல் அகலம் இருக்கும். ஒற்றைப் படியில் அதை இறக்கும்போது பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் இறக்க வேண்டும். முன்பக்கமாகத் தள்ளினால் ஆச்சி குப்புற விழுவாள். நாற்காலி நுழையாத வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்குகிறார்கள், அது முறியும். மரநாற்காலியில் உட்காரவைத்து இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, ஒருவர் முதுகுச் சட்டத்தையும் ஒருவர் முன்கால்களையும் பிடித்து, லேசாகப் பின்னால் சாய்த்து இறக்குங்கள்.

ஆட்டோவைவிடக் கார், அதிலும் முன் இருக்கை. இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து வையுங்கள். முதலில் காலை வெளியே வைத்தபடியே இருக்கையில் உட்கார வேண்டும், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பை வழுக்குவதால் உடம்பு தானாகத் திரும்பும். உட்கார்ந்தபின் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆள் சறுக்குவார். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது என்பார்கள். இருக்கை பள்ளமாக இருந்தால் கெட்டித் தலையணை ஒன்று.

புறப்படும் நாளில் பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம், சாப்பிடாமல் கிளம்பவும் வேண்டாம். நீர் மாத்திரை மட்டும் வழியில் தொந்தரவு கொடுக்கும், திரும்பி வந்து போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் அடித்தால் நாளைத் தள்ளிவையுங்கள். கை இறுக்கமான ரவிக்கை போட்டுவிட்டால் தோள்பட்டைத் தசை வரை ஏற்ற முடியாது, காரிலேயே அவிழ்க்க வேண்டி வரும். அதற்கு எந்த ஆச்சியும் சம்மதிக்க மாட்டாள். தொளதொள கை வைத்த ரவிக்கை ஒன்றை முந்தின நாளே எடுத்து வையுங்கள்.

ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுவதை ஊசி போடுகிறவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. மெல்லிய ஊசியாகப் போட்டு, எடுத்தபின் 2 நிமிஷமாவது தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். தேய்த்தால் உள்ளே ரத்தம் கட்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயில் வழி அமைத்த கை, மார்பக அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கை என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்தக் கையில் போடுவது என்பதை யாரும் யோசிப்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இரண்டு ஊசியையும் ஒரே நாளில் போடலாம். சிஸ்டர் பழக்கத்தில் கைக்கு ஒன்றாகப் போட்டுவிடுவார். மறுநாள் இரண்டு தோளும் வலிக்கும், வாக்கரில் பாரம் கொடுத்து எழுந்திரிக்க முடியாது, ராத்திரி ஒண்ணுக்குப் போகையில் விழுவார்கள். ஒரே கையில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு இரண்டையும் போடச் சொல்லுங்கள், அல்லது வேறு வேறு நாளில் போடுங்கள். கம்பு ஊன்றுகிறவர் என்றால் கம்பு பிடிக்காத கையில். எப்படிப் போட்டாலும் இரண்டு ராத்திரிக்கு ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். வலியும் லேசான காய்ச்சலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். வந்தபின் பாராசிட்டமால் கொடுக்கலாம், வருமுன்னே கொடுக்கத் தேவையில்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆச்சி ஒத்துக்கொள்வதும் ஒரு படிதான். "எனக்கு எதுக்குல இனிமே ஊசி? போற உசிரு போட்டும்" என்பாள். நுரையீரல், கிருமி என்று விளக்கினால் எடுபடாது. 'உனக்குச் சளி பிடிச்சா பாக்க வர்ற பேத்தி பிள்ளைக்கும் ஒட்டிக்கிடும் ஆச்சி' என்றால் அநேகமாகக் கையை நீட்டிவிடுவாள்.

போட்டு முடித்ததும் ஊசிப் பெட்டியைத் தூக்கி எறிய விடாதீர்கள். பெயர், எண், பேட்ச் நம்பர், தேதி, எந்தக் கை என்று ஓர் அட்டையில் எழுதி, பெட்டியையும் செல்போனில் படம் பிடித்துவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து வேறு டாக்டர் 'போட்டது பதிமூணா, இருபத்துமூணா' என்று கேட்கும்போது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. அட்டையை மருந்துச் சீட்டுகளோடு வைக்க வேண்டாம். ரேஷன் கார்டு இருக்கிற கவரில் போடுங்கள். வீட்டில் எது தொலைந்தாலும் அது தொலையாது.