இடம் ஏன் காலியானது? இடைத்தேர்தல் வினாவில் நான் கோட்டைவிட்டதும் பிடித்ததும்

நேற்று ரிசல்ட் வந்தது. எம்.ஏ. வரலாற்றில் பாக்கியிருந்த ஒரே அரியர், 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தாள், 71 மதிப்பெண்ணோடு முடிந்தது. போன முறை 38. மனசு இப்போதுதான் லேசாக இருக்கிறது. பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும். என்னைக் கவிழ்த்த இடைத்தேர்தல் வினாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன முறை விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் 1828-இல் நடந்த இடைத்தேர்தல் பற்றி மூன்று பக்கம். அயர்லாந்து கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓ'கானல், அவருடைய கத்தோலிக்கர் சங்கம், 2,057-க்கு 982 வாக்கு எல்லாம் சரி. ஆனால் இரண்டாவது வரியிலேயே 'உறுப்பினர் மறைவால் தொகுதி காலியானது' என்று எழுதியிருக்கிறேன். அதன் அடியில் சிவப்புக் கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. நம் ஊர் இடைத்தேர்தல்களைப் பார்த்த பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது.

அங்கே யாரும் இறக்கவில்லை. கிளேர் உறுப்பினர் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டு, பிரதமர் வெலிங்டனின் அமைச்சரவையில் வர்த்தக வாரியத் தலைவரானார். இப்படி அமைச்சராகிறவர் தன் இடத்தை இழந்து, மறுபடி தொகுதியில் நின்று ஜெயிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். 1926-இல்தான் முழுதாகப் போனது. பெரும்பாலும் சடங்காக முடிகிற அந்தத் தேர்தலுக்குள்தான் ஓ'கானல் புகுந்தார். கத்தோலிக்கர் போட்டியிடத் தடை இல்லை, அவையில் எடுக்கவேண்டிய, கத்தோலிக்க நம்பிக்கையை மறுக்கிற உறுதிமொழிதான் தடை. இது பிடிபட்டால், கத்தோலிக்கரை அவையில் உட்காரவிட்ட 1829 சட்டம் ஏன் வந்தது என்பதும் பிடிபடும். அயர்லாந்து உறுப்பினர் யாரை அமைச்சராக்கினாலும் இன்னொரு கிளேர் வரலாம் என்ற நிலை. விலையையும் எழுதுங்கள்: கிளேரில் ஓ'கானலை ஜெயிக்கவைத்த சிறு குத்தகைக்காரர்கள் (ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் இருந்தாலே வாக்கு பெற்றவர்கள்) 1829-இலேயே வாக்கை இழந்தார்கள், தகுதி 10 பவுண்டானது.

ஆண்டு வரிசையில் படித்தால் எனக்கு நிற்காது. அதனால் காலியான காரணத்தை வைத்து நோட்டில் பிரித்துக்கொண்டேன். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் தொகுதி ஒன்றே போதும். நாத்திகர் சார்லஸ் பிராட்லா அங்கே மூன்று இடைத்தேர்தலில் ஜெயித்தார், மூன்றுக்கும் வேறு வேறு காரணம்:

1881 – கடவுள் பேரில் எடுக்கும் உறுதிமொழியை எடுக்காமல் வாக்களித்ததாக நீதிமன்றத் தீர்ப்பு.
1882 – தானே உறுதிமொழி படித்ததற்காக அவை வெளியேற்றியது.
1884 – தானே விலகினார். நேரடியாக ராஜினாமா செய்ய வழி இல்லாததால் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பெயரளவுப் பதவியை ஏற்று.

1886-இல்தான் அவரால் அவையில் உட்கார முடிந்தது. இதைப் படித்த இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு பிடித்துப்போனது.

அப்புறம் சில:
வாக்கு எண்ணிக்கையில் நேரம் போக்காதீர்கள். முதல் பத்தியிலேயே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். 1872-க்கு முன் ரகசிய வாக்கு இல்லை, அதைச் சேர்த்தால், நில உரிமையாளர் பார்க்க அவரை எதிர்த்து வாக்களித்த கிளேர் குத்தகைக்காரர்களின் துணிச்சல் புரியும்.

கிளேருக்கு இரண்டாவது இடைத்தேர்தலும் உண்டு, பலர் விட்டுவிடுவார்கள். சட்டம் வந்த பிறகும், முன்பே தேர்வானவர் என்று சொல்லி ஓ'கானலிடம் பழைய உறுதிமொழியையே கேட்டார்கள். மறுத்தார், இடம் மறுபடி காலியானது. 1829 ஜூலையில் போட்டியின்றி வந்தார். இந்த முறை மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது கடைசியாக எழுதியது அந்த வரிதான்.